உப்பு நகரத்துக்கு வாசித்தவர்

பிராங்ளின் செல்லையா (1944–2008). பாளையங்கோட்டையில் பிறந்தவர். இருபத்திரண்டாம் வயதில் தில்லிக்கு வந்து, மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில், கம்பி வழி வரும் செய்திகளை அச்சடிக்கும் டெலிபிரிண்டர்கள் வரிசையாக நின்று ஓயாமல் கடகடத்த ஜன்னலற்ற அறையில் பணிபுரிந்து, 2004ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். மனைவி மார்கரெட், அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருந்தவர். குழந்தைகள் இல்லை. அரசுக் குடியிருப்பைக் காலி செய்த பின் இருவரும் ஜனக்புரியில் முதல் மாடி வீடொன்றில் வசித்தனர்.

அமைச்சகத்தில் அவர் பெயர் சொன்னால் யாருக்கும் நினைவு வராது. கோல் மார்க்கெட் அருகே ஓர் ஆலயத்தில் கூடிய தமிழ்ச் சபையில் அவரை அறியாதவர் இல்லை. அந்த ஆலயம் காலையில் இந்திச் சபைக்கும் அடுத்து ஆங்கிலச் சபைக்கும் உரியது. தமிழருக்கு மாலை நான்கு மணி. முப்பது ஆண்டுகள் அந்த நான்கு மணி ஆராதனைக்குக் கீபோர்டு வாசித்தவர் பிராங்ளின். கருவி அவருடையதே. கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. மார்கரெட் பழைய பஞ்சுப் போர்வையான ரஜாயைக் கத்தரித்து அதற்கு உறை தைத்திருந்தார். ஞாயிறுதோறும் அந்த உறைக்குள் கருவியை வைத்து, ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இருவரும் இருபுறமும் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவார்கள்.

அந்தக் கருவியில் ஒரே சமயத்தில் இரண்டு குரல்களை ஒலிக்கவிடலாம். அடியில் ஆர்கன் குரல். அதன் மேல், மிக உயர்ந்த சுருதியில், மெல்லிய புல்லாங்குழல் குரல். குழலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இடப்பக்கம் மேலும் கீழும் நகரும் ஒரு குமிழ் இருந்தது. பாட்டின் மேல் குழல் சற்றே படர்ந்திருப்பது பிராங்ளினுக்குப் பிடிக்கும். ஆனால் ஓய்வு பெறும் காலத்தை ஒட்டி, குழல் முன்போல் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. கருவிக்கும் வயதாகிறது என்று எண்ணி, சில மாதங்களுக்கு ஒருமுறை குமிழைச் சற்று மேலே தள்ளிவந்தார்.

அதே காலத்தில் பாடகர் குழு கலையத் தொடங்கியது. முதற்குரல் பாடும் ரூபி முன் பெஞ்சிலிருந்து மூன்றாம் பெஞ்சுக்குப் போனார், பிறகு ஐந்தாவதற்கு. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் பின்னால் சென்றனர். கருவியின் பக்கத்தில் முதல் இரண்டு பெஞ்சுகளும் காலியாயின. மார்கரெட் மட்டும் முதல் பெஞ்சின் ஓரத்தில் தம் வழக்கமான இடத்தில் அமர்ந்திருந்தார்.

"பாத்தியா, முன் பெஞ்சு ரெண்டும் காலியாக் கெடக்கு. எல்லாருக்கும் பக்தி கொறஞ்சு போச்சு" என்று ஒரு ஞாயிறு வீடு திரும்பும் வழியில் பிராங்ளின் குறைப்பட்டார்.

"ஆமாங்க" என்றார் மார்கரெட். அவர் காதுகளில் பஞ்சு இருந்தது. ஆராதனைக்குப் புறப்படும்போதெல்லாம் அவர் பஞ்சு வைத்துக்கொள்வார். ஆட்டோவில் காற்று அடிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

2005 அக்டோபரில் வெங்கி அவரைத் தேடி வந்தான். டெலிபிரிண்டர் அறையில் பிராங்ளினுக்குப் பக்கத்து நாற்காலியில் பல்லாண்டுகள் இருந்த ராஜகோபாலனின் மகன். நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஜனக்புரியிலேயே ஒரு மாடியில் கணினி விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தான். கதையையும் படங்களையும் அமைத்தவள் ஸ்நேகா. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தெரு இரைச்சல் ஒலிப்பதிவில் விழாமலிருக்க, அந்த அறையின் ஜன்னல்களில் கனத்த ரஜாய்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே எப்போதும் மாலை நேரம் போலவே இருக்கும்.

பிராங்ளின் அதுவரை கணினி விளையாட்டு எதையும் பார்த்ததில்லை. வெங்கி திரையைக் காட்டினான். வெள்ளை வெளேரென்ற ஒரு நகரம். மாளிகைகள், கடைத்தெரு, படித்துறை. ஆற்றில் நீர் இல்லை. தெருவெங்கும் மனிதர்கள் நின்ற நிலையில் உறைந்திருந்தார்கள். ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்தபடி, ஒருவன் தராசைப் பிடித்தபடி. நடுவே ஒரு சிறு பெண், கையில் காலிக் குடத்துடன் நடந்துகொண்டிருந்தாள். விளையாடுகிறவன் நடத்த வேண்டியது அவளைத்தான்.

"அங்கிள், இந்த ஊரோட ராணி நதியை மந்திரவாதிக்கு வித்துட்டாங்க. அதனால எல்லாரும் நமக் ஆயிட்டாங்க. மத்லப், உப்பு. இந்தப் பொண்ணு நதியைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்" என்றாள் ஸ்நேகா.

"அதுக்குச் சோகமா ஒரு பாட்டு வேணும், அப்படித்தான?"

"சோகம் வேணாம் அங்கிள். சோகம்னா யாரோ அழறாங்க. இங்க அழறதுக்குக்கூட ஆளே இல்ல."

பிராங்ளின் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாக எந்த ஆயரும் தமக்கு என்ன இசை வேண்டும் என்று அவரிடம் சொன்னதில்லை.

"இன்னொண்ணு அங்கிள்" என்றான் வெங்கி. "இது சினிமா இல்லை. ஆடறவன் எப்போ நகருவான்னு நமக்கே தெரியாது. ஒரே எடத்துல நின்னுண்டு வேடிக்கை பாத்துண்டிருப்பான். பாட்டு முடிஞ்சுடப்படாது. சுத்திண்டே இருக்கணும், ஆனா சுத்தறதுன்னு தெரியப்படாது."

"அட, இதுக்கா இவ்வளவு கஷ்டப்படுதீய?" பிராங்ளின் சிரித்தார். "திருவிருந்துல நான் வேறென்ன வாசிக்கேன்? சனம் வரிசையா வந்து முட்டி போடும். கடைசி ஆள் எந்திச்சுப் போறமட்டும் நிறுத்தப்படாது. எத்தன பேருன்னு யாருக்குத் தெரியும்? ஒரு கெழவி நடுவுல தடுக்கி நிப்பா. அவளுக்கும் சேத்து வாசிக்கணும்."

"ஏக்தம் கரெக்ட்!" என்று வெங்கி தொடையில் தட்டினான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பிராங்ளின் உப்பு நகரத்துக்காக உழைத்தார். உழைத்தார் என்பதே சரியான சொல். அலுவலகத்துக்குப் போவதுபோல் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கருவியின் முன் அமர்வார். தாளம் வேண்டாம் என்பது அவர் எடுத்த முதல் முடிவு. அந்தப் பெண்ணின் காலடிச் சத்தமே தாளம். இரண்டாவது முடிவு நுட்பமானது. ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் ஒலிக்கவிட்டு, இடையிலுள்ள காந்தாரத்தை முற்றிலும் விலக்கினார். பாட்டு மகிழ்கிறதா வருந்துகிறதா என்று காதுக்குச் சொல்வது காந்தாரமே. அது இல்லாவிட்டால் இசை இரண்டையும் சொல்லாது. கதவு திறந்த காலி வீடுபோல் நிற்கும். மூன்றாவதாக, ஆர்கனின் கீழ்க்குரலில் இரண்டு சுரங்களுக்கிடையே மெல்ல வழுக்கி இறங்கும் ஒரு வரியை அமைத்தார். இடிந்த வளைவுகளுக்குள் காற்று நுழைந்து வெளியேறுவதாக அவர் எண்ணிக்கொண்டது அந்த வரியைத்தான். குழல் குரலையும் தம் வழக்கப்படி மேலே சேர்த்தார். குமிழ் ஏறக்குறைய உச்சியில் இருந்தது.

பதிவைக் கேட்டு முடித்த ஸ்நேகா, சற்று நேரம் காதில் மாட்டிய தலைக்கருவியைக் கழற்றவேயில்லை.

"அங்கிள், அந்த ஊளை இருக்கே... எனக்கு டர் ஆறது, பயம்மா இருக்கு. ஆள் இல்லாத ஊருக்கு அது சரியா இருக்கு."

"எதும்மா, அந்த ஊளையா?" தம்முடைய வழுக்கும் வரி வேலை செய்துவிட்டது என்று பிராங்ளினுக்கு உள்ளம் பூரித்தது. "அது சும்மா வராது. ரெண்டு வாரம் மெனக்கெட்டேன்."

வீட்டில் மார்கரெட்டிடமும் அதைச் சொன்னார். "இந்தப் பிள்ளைய மாதிரி கேக்கறதுக்குச் சபையில ஒரு ஆள் இல்ல. ஊளைன்னு சரியாப் பிடிச்சுட்டா."

மார்கரெட் அடுப்பைப் பார்த்தபடியே, "எந்த ஊளை?" என்று கேட்டார்.

"ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றார் பிராங்ளின்.

அந்த ஆண்டின் இறுதியில் மெட்ரோ ரயில் ஜனக்புரி வரை வந்தது. ஆட்டோவை விட்டு அவர்கள் மெட்ரோவில் ஆலயத்துக்குப் போகத் தொடங்கினார்கள். மூடிய பெட்டி, காற்று என்ற பேச்சே இல்லை. மார்கரெட் பஞ்சை விடவில்லை. கதவு மூடுமுன் ஒலிக்கும் எச்சரிக்கைச் சத்தத்துக்கு எல்லாரும் ஒதுங்க, பிராங்ளின் மட்டும் உறையுடன் வாசலிலேயே நிற்பார். மார்கரெட் தோளைப் பிடித்து உள்ளே இழுப்பார். "இந்த ஊர்ல எல்லாத்துக்கும் அவசரம்" என்பார் பிராங்ளின்.

2006 மார்ச் இறுதியில் கடைசிப் பகுதிக்கு வந்தார்கள். நதி திரும்புகிறது, உப்பு கரைகிறது, உறைந்த மனிதர்கள் அசைகிறார்கள். இசை பழைய இசையாகவே தொடங்கி, சிறிது சிறிதாக மாற வேண்டும்.

"அந்த ஊளை மெதுவா நிக்கணும் அங்கிள். அது நின்னாத்தான் ஊர் பொழைச்சுதுன்னு ஆடறவனுக்குத் தெரியும்" என்றாள் ஸ்நேகா.

பிராங்ளின் கருவியை வெங்கியின் அறைக்கே கொண்டுவந்தார். அவர் வாசிக்க, ஸ்நேகா தலைக்கருவியில் கேட்டாள். வழுக்கும் வரியை அவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஸ்நேகாவைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு அங்கிள்."

"என்ன இருக்கு? நிறுத்திட்டேனே?"

"ஊளை."

ஆதாரத்தின் அடிநாதத்தைச் சொல்கிறாளோ என்று இடக்கையை எடுத்தார். ஸ்நேகா தலையசைத்து மறுத்தாள். பிராங்ளின் எந்த வேலையையும் முறையாகச் செய்கிறவர். பழுதான டெலிபிரிண்டரை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பதுபோல், ஒலியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினார். கடைசியில் வலக்கையின் இரண்டு விரல்கள் மட்டும் கட்டைகளின் மேல் இருந்தன.

"இப்ப?"

"இருக்கு. இப்ப இன்னும் ஸாஃபா, தெளிவா கேக்குது."

"எங்கம்மா கேக்குது?"

"மேல. ரொம்ப மேல." அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "உள்ள ஊசி விட்ட மாதிரி."

பிராங்ளினுடைய இடக்கை தானாகவே குமிழை நாடிச் சென்றது. அதை அடிவரை இறக்கினார்.

"ஹான்! நின்னுது!"

ஏற்றினார்.

"வந்துது."

அவர் கண்களை மூடிக்கொண்டு, மறுபடியும் இறக்கினார், மறுபடியும் ஏற்றினார். ஸ்நேகாவின் குரல்தான் மாறியது. நின்னுது. வந்துது. நின்னுது. அவர் விரல்களுக்கடியில் அந்த இரண்டு சுரங்களும் எவ்வித மாற்றமுமின்றி ஒலித்துக்கொண்டிருந்தன.

"அங்கிள் உன்னோட விளையாடறார், ஸ்நேகா" என்று வெங்கி சிரித்தான்.

"சரிம்மா, புரிஞ்சுது" என்றார் பிராங்ளின்.

கடைசிப் பகுதியை அன்றே பதிவு செய்தார்கள். ஊளை குறைய வேண்டிய இடங்களில் பிராங்ளின் ஸ்நேகாவின் முகத்தைப் பார்த்துக் குமிழை நகர்த்தினார். அவள் புருவம் தளர்ந்ததும் நிறுத்தினார். அதன் பிறகு, அத்தனை மாதங்களாக விலக்கிவைத்திருந்த காந்தாரத்தை முதன்முறையாகத் தொட்டார். திரையில் குடம் சுமந்த உப்புப் பெண் கழுத்தைத் திருப்பினாள். ஸ்நேகாவின் கண்கள் நிறைந்தன. அறையில் இருந்தவர்களில் பிராங்ளின் ஒருவர் மட்டுமே உப்பு நகரத்தின் இசையை முழுமையாகக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் அமர்ந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை.

"என்ன, முகம் சுண்டிக் கெடக்கு? காபி போடட்டா?" என்று மார்கரெட் கேட்டார்.

"கோயிலுக்குப் போகையில காதுல பஞ்சு எதுக்கு வைக்க?"

"ஆட்டோவுல காத்து..."

"இப்ப மெட்ரோவுலல்லா போறோம்."

மார்கரெட் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். எதிரே இருந்த பிரம்பு மோடாவில் மெதுவாக உட்கார்ந்தார். நோயாளியின் உறவினரிடம் பேசுமுன் உட்காருவது அவருடைய பணிக்காலப் பழக்கம்.

"எத்தன நாளா?"

"நீங்க ரிட்டயர் ஆவதுக்கு முந்தியே."

"எவ்வளவு சத்தம்?"

"கூசும். பல்லெல்லாம் கூசும். ரூபிக்குத் தலவலியே வந்துட்டு. அதான் அவ பின்னால போனா."

"பக்தி கொறஞ்சு போச்சுன்னு நான் சொன்னேனே. ஆமான்னு சொன்னியே நீ."

"வேற என்னங்க சொல்ல?"

"சபைக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும். செக்ரட்டரி தாமஸ் எங்கிட்ட வந்து, 'அக்கா, அண்ணாச்சிகிட்ட பதமாச் சொல்லுங்க'ன்னாவ. நான்தான் முடியாதுன்னுட்டேன். அவிய வாசிக்கிறமட்டும் வாசிக்கட்டும், கஷ்டமா இருந்தா நீங்க பின்னால போய் உக்காருங்கன்னேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லப்படாதா மார்கரெட்?"

"சொன்னா நிறுத்திருவீய. நிறுத்திட்டு இந்த நாற்காலியிலதான உக்காந்திருப்பீய? பிள்ளையும் இல்ல. இதுவும் இல்லன்னா பகல்பூரா எதப் பாத்துட்டு இருப்பீய? ஏங் காது போனாப் போவுதுன்னு இருந்தேன்."

பிராங்ளின் தம் கைகளைப் பார்த்தார். பிறகு, "எப்பவும் முதல் பெஞ்சுலயே இருந்தியே" என்றார்.

"நானும் பின்னால போனா நீங்க கண்டுபிடிச்சிருவீயளே."

ஒரு நம்பிக்கை அவரிடம் மிஞ்சியிருந்தது. குமிழை இறக்கிவிட்டால் போதும், குழல் இல்லாமல் வாசித்தால் ஒருவருக்கும் தொல்லை இல்லை, வாசிப்பதை விட வேண்டியதில்லை என்று கணக்கிட்டார். அடுத்த ஞாயிறு உடல்நிலையைக் காரணம் காட்டிப் போகவில்லை. அதற்கடுத்த குருத்தோலை ஞாயிறும் போகவில்லை. பெரிய வெள்ளி ஆராதனைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று நடுப்பகல் ஆலயம் இந்திச் சபைக்கு உரியது என்பதால், தமிழ்ச் சபைக்குக் காலை எட்டு முதல் பதினொன்று வரை ஒதுக்கியிருந்தார்கள். ஆராதனைக்கு முன் மார்கரெட் குமிழை அடியில் வைத்து, அதன் மேல் மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டினார். புண்ணின் மேல் ஒட்டுவதுபோல் விளிம்புகளைக் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. நீங்க வாசிங்க."

முதல் பாட்டைத் தொடங்கினார். அவர் காதுக்கு அது சென்ற மாதம் வாசித்ததுபோலவே இருந்தது. ஒரு மயிரிழைகூட வேறுபடவில்லை. இரண்டாம் சரணத்தில் தலையை நிமிர்த்திச் சபையைப் பார்த்தார். பலர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார்கள். ஐந்தாம் பெஞ்சில் ரூபி பாடுவதை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து, முதல் பெஞ்சுக்கு வந்து மார்கரெட்டின் அருகில் உட்கார்ந்தார். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. மூன்றாம் பாட்டுக்குள் முன் பெஞ்சுகள் இரண்டும் நிரம்பிவிட்டன. மார்கரெட் தம் காதுகளிலிருந்து பஞ்சை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு சபையே இடம் மாறி அமரும் அளவுக்கு ஒலி மாறியிருந்தது. வாசித்தவருக்கு ஒன்றும் மாறவில்லை. நாளை இதைவிடக் கீழுள்ள சுரங்களும் அவர் காதிலிருந்து ஒவ்வொன்றாகப் போகும். அப்போதும் மார்கரெட் பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டார். வேறு ஏதாவது காரணம் சொல்வார். இதைப் பிராங்ளின் வாசித்துக்கொண்டிருக்கும்போதே முடிவாக அறிந்துகொண்டார். விரல்கள் ஓரிடத்திலும் தவறவில்லை.

ஆராதனை முடிந்து தாமஸ் கைகுலுக்க வந்தபோது, "தம்பி, ஈஸ்டருக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார்.

தாமஸ் ஏன் என்று கேட்கவில்லை. "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு வெங்கியின் விளையாட்டு குறுந்தகட்டில் வெளிவந்தது; சில நூறு பேர் விளையாடியிருப்பார்கள். ஸ்நேகா ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் கணினி கிடையாது. மார்கரெட் அதைக் கீபோர்டு உறையின் கயிற்றுக்கடியில் செருகிவைத்தார். பகல் பொழுதுகளில் பிராங்ளின் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். மார்கரெட் அஞ்சியது அப்படியே நடந்தது. 2008 ஜனவரியில், கடுங்குளிரில், நிமோனியா கண்டு பிராங்ளின் இறந்தார். அடக்க ஆராதனையில் சபையார் இசைக்கருவி இல்லாமல் பாடினார்கள்.

உறையின் கயிற்றில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பிராங்ளின் செல்லையா கடைசியாக வாசித்த நாள், பெரிய வெள்ளி, 2006 ஏப்ரல் 14.